பாலைவனம் எழுதி வைத்த கணக்கு



பால்மரக் காட்டில் பல ஆண்டுகள் வேலை செய்த ஒருவரை ஒரு பழைய மரத்தின் முன்னே நிறுத்திப் பாருங்கள். பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் முதலில் வெட்டியது, அந்தப் பக்கம் ஆறி வந்த புதுப்பட்டை, இதோ இந்த இடத்தில் கத்தி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தியிருக்கிறது என்று அவர் வரிசையாகச் சொல்லிவிடுவார். அந்த வெட்டு நடந்த நாளில் அவர் அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை. மரமே தன் உடம்பில் கணக்கை எழுதி வைத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொள்கிறார்.

பூமியும் அவ்வாறே தன் கணக்கை எழுதி வைக்கிறது. பெரிய நிலநடுக்கம் வந்து நிலம் கிழியும்போது அங்கே ஒரு வடு விழுகிறது. ஆனால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நம் நாட்டைப் போன்ற இடங்களில் அத்தகைய வடு நெடுநாள் நிலைப்பதில்லை. மழை அதைக் கரைக்கும், புல் அதை மூடும், காடு அதன்மேல் வளர்ந்துவிடும். மழை அரிதான பாலைவனத்திலோ, நூறு ஆண்டுகளுக்கு முன் விழுந்த வடுவும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆகவேதான் நிலவியல் பயிலும் மாணவர்களை அவர்களுடைய ஆசிரியர்கள் பாலைவனத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள்.

இன்று நாமும் அத்தகைய ஒரு பயணம் போய் வருவோம். இதற்குக் கடவுச்சீட்டு வேண்டாம், விமானச் சீட்டும் வேண்டாம். வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொண்டால் போதும். நாம் போகும் இடம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியா. நாம் பார்க்கப் போவது சான் ஆன்ட்ரியாஸ் என்னும் நிலப்பிளவு. நாம் கையில் எடுத்துப் போகும் கேள்விகள் நான்கு. பிளவு எங்கே இருக்கிறது? நிலம் எப்போதெல்லாம் நடுங்கியது? எவ்வளவு நகர்ந்தது? இனி எப்போது நடுங்கும்?

முதலில், நிலப்பிளவு என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். நம் காலடியில் இருக்கும் பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. உடைந்த சட்டியின் ஓடுகளை ஒட்ட வைத்தாற்போலப் பல பெரிய துண்டுகளாக இருக்கிறது. அவற்றைத் தட்டுகள் என்பர். இந்தத் தட்டுகள் மிக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. கலிபோர்னியாவில் இரண்டு தட்டுகள் உரசிக்கொள்கின்றன. ஒன்று பசிபிக் தட்டு, மற்றொன்று வட அமெரிக்கத் தட்டு. பசிபிக் தட்டு வடமேற்குத் திசையை நோக்கி மற்றதை உரசியபடி போகிறது. அந்த உரசலின் முதன்மையான கோடுதான் சான் ஆன்ட்ரியாஸ் பிளவு. அதன் நீளம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து புறப்பட்டு மலைகளைக் கடந்து வடக்கே இறங்கினால் காற்று வறண்டுவிடுகிறது. பச்சை நிறம் மறைகிறது. கைகளைத் தூக்கி நிற்கும் மனிதர்களைப் போல ஜோஷுவா மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. கிளையின் நுனியில் ஊசி ஊசியான இலைக்கொத்து இருக்கும். இதுவே மொஹாவி பாலைவனத்தின் ஓரம். பாலைவனம் என்றதும் மணல் மேடுகளையும் ஒட்டகங்களையும் நினைக்க வேண்டாம். இங்கே கல்லும் காய்ந்த புதரும்தான் அதிகம்.

பாம்டேல் என்னும் நகரத்துக்கு அருகே நெடுஞ்சாலை போடுவதற்காக ஒரு குன்றை வெட்டியிருக்கிறார்கள். சாலையின் இரு பக்கமும் சுவர் போல நிற்கும் அந்த வெட்டுமுகத்தில்தான் நம் முதல் பாடம். ஒரு காலத்தில் இந்த மண் நீர்நிலைகளின் அடியில் பாய் விரித்தாற்போலச் சமமாகப் படிந்தது. இன்று அந்தப் படிவுகள் சமமாக இல்லை. துவைத்த சேலையை முறுக்கிப் பிழிந்து போட்டதுபோல் வளைந்தும் மடிந்தும் கிடக்கின்றன. முதன்மைப் பிளவு இதற்கு மிக அருகில் செல்கிறது. இரண்டு தட்டுகளுக்கு இடையே அகப்பட்டு நசுங்கியதால் வந்த கோலம் இது.

வெட்டின் மேலே ஏறி நின்று பார்த்தால் பிளவு போகும் பாதையைக் கண்ணாலேயே தொடரலாம். நேர்கோடாகப் போகும் நீண்ட பள்ளத்தாக்கும், அதில் தேங்கிய நீர்நிலைகளும் தெரிகின்றன. எங்கே என்னும் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் கண்ணில் படுவது பிளவு மட்டும் அன்று. வீடுகள் தெரிகின்றன. சாலைகள் தெரிகின்றன. வடக்கிலிருந்து தெற்கே குடிநீர் கொண்டுபோகும் பெரிய கால்வாய் ஒன்று பிளவின் ஓரமாகவே ஓடி, ஓரிடத்தில் அதைக் கடக்கவும் செய்கிறது. பிளவு தெரியாமல் கட்டிய வீடும் உண்டு, தெரிந்தும் வேறு வழியின்றி அமைத்த கால்வாயும் உண்டு. 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் விடியற்காலையில் இப்பகுதியை அடுத்த சான் பெர்னாண்டோவில் வேறொரு பிளவு அசைந்தது. மருத்துவமனைக் கட்டடங்களும் இடிந்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு அடுத்த ஆண்டே, அசையும் பிளவின்மேல் குடியிருப்புக் கட்டடம் எழுப்பக் கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. அத்தகைய பகுதியில் வீடுகள் கட்ட வேண்டுமானால், பிளவு எங்கே போகிறது என்று நிலவியல் அறிஞர் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே, பள்ளம் தோண்டி மண்ணைப் பார்க்கும் இந்த வேலை வெறும் ஏட்டுப் படிப்பு அன்று. யார் எங்கே படுத்துறங்கலாம் என்பதைச் சொல்லும் வேலை.

இனி இரண்டாம் கேள்வி. நிலம் எப்போதெல்லாம் நடுங்கியது?

பாம்டேலுக்குத் தென்கிழக்கே பாலெட் ஓடை என்னும் இடம் இருக்கிறது. பார்த்தால் சாதாரண ஓடைதான். ஆனால் நிலவியல் அறிந்தோர் நடுவே இது மிகவும் பெயர் பெற்ற இடம். முன்பு இது சதுப்பு நிலமாக இருந்தது. நாணலும் புல்லும் வளர்ந்து, மடிந்து, மக்கிக் கருமண்ணாயின. கடலோரச் செம்பனைத் தோட்டங்களில் காலை வைத்தால் அமுங்கும் கருமண்ணைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதைப் போன்ற மண். இடையிடையே ஓடை பெருகி அந்தக் கருமண்ணின்மேல் மணலைப் பரப்பியது. மறுபடியும் புல் வளர்ந்தது, மறுபடியும் கருமண். இவ்வாறு கறுப்பும் வெளுப்புமாக அடுக்கடுக்காய் நிலம் உயர்ந்தது. பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடை தன் படுகையை ஆழமாக அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. சதுப்பு வறண்டது. அடுக்குகள் வெளியே தெரிந்தன.

1970களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த கெர்ரி சீ என்பவர் பிளவின் குறுக்கே இங்கே பள்ளங்கள் தோண்டினார். பள்ளத்தின் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒவ்வோர் அடுக்கையும் வரைந்து வைத்தார். அவர் தேடியது என்ன என்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஐந்து பழைய பாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். கத்தியால் ஐந்தையும் சேர்த்து அறுங்கள். பின்பு அதன்மேல் இரண்டு புதிய பாய்களை விரியுங்கள். இப்போது அடுக்கைப் பக்கவாட்டில் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? கீழே ஐந்து பாய்கள் அறுந்திருக்கும், மேலே இரண்டு அறுபடாமல் இருக்கும். அப்படியானால் கத்தி விழுந்தது ஐந்தாம் பாய் விரித்த பிறகு, ஆறாம் பாய் விரிப்பதற்கு முன். நிலநடுக்கமே அந்தக் கத்தி. அறுந்த கடைசி அடுக்குக்கும் அறுபடாத முதல் அடுக்குக்கும் நடுவில்தான் அது நடந்திருக்க வேண்டும்.

அடுக்கின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் வழி உண்டு. உயிருள்ள செடி காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கரியில் மிகச் சிறு பங்கு கார்பன் 14 என்னும் வகை. செடி மடிந்தபின் அந்த வகைக் கரி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், செடி மடிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். சதுப்பில் மக்கிய நாணல் இவ்வாறு நாள்காட்டியாக மாறியது.

பின்னர் மேலும் நுட்பமாக அளந்து 1989இல் வெளியிட்ட முடிவின்படி, பத்து நிலநடுக்கங்களின் கணக்கு பாலெட் ஓடையில் பதிந்திருந்தது. சராசரியாக 132 ஆண்டுக்கு ஒன்று. ஆனால் இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். சராசரி என்பது வேறு, தவணை என்பது வேறு. அந்த நிலநடுக்கங்கள் மாதச் சம்பளம் போல முறையாக வரவில்லை. இரண்டு மூன்று நெருக்கமாக வந்தன. பிறகு இருநூறு முந்நூறு ஆண்டுகள் அமைதி. மீண்டும் நெருக்கமாக வந்தன. கடைசி இரண்டு 1812லும் 1857லும் வந்தவை. இரண்டுக்கும் இடையே 45 ஆண்டுகள்தாம்.

1857ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் காலையில் வந்த நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் கிழிந்தது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் வரை உள்ள சாலைத் தொலைவை மனத்தில் வைத்துப் பாருங்கள், அந்த அளவு. அன்று அங்கே மக்கள் மிகக் குறைவு, ஆதலால் இறந்தவர் இருவரே என்று சொல்லப்படுகிறது. இன்று அதே பகுதியைச் சுற்றிக் கோடிக்கணக்கானோர் வாழ்கிறார்கள். நிலம் மாறவில்லை. அதன்மேல் குடியிருப்போரின் எண்ணிக்கை மாறிவிட்டது.

மூன்றாம் கேள்விக்கு விடை தேட, பிளவை ஒட்டியே வடமேற்கே போக வேண்டும். அங்கே காரிசோ என்னும் வறண்ட சமவெளி. ஒரு பக்கம் டெம்ப்ளார் மலைத்தொடர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு நிலநடுக்கம் என்றே பொருள். மலையிலிருந்து வாலஸ் ஓடை என்னும் சிறிய ஓடை இறங்கி வருகிறது. நேராக வந்த ஓடை பிளவைத் தொட்டதும் சட்டென்று வலப்பக்கம் திரும்புகிறது. பிளவின் வழியே ஏறக்குறைய 130 மீட்டர் போகிறது. பின்பு மறுபடியும் திரும்பித் தன் பழைய திசையில் ஓடுகிறது.

ஓடைக்கு ஏன் இந்தக் கோணல்? ஓடை நேராகத்தான் இருந்தது. அதன் கீழ்ப்பாதி கிடந்த நிலம் நகர்ந்துபோயிற்று. தோட்டத்தில் நேர் நிரையாக நட்ட மரங்களில் பாதி நிரையை யாரோ அப்படியே பெயர்த்து நகர்த்தி வைத்தாற்போல, பிளவுக்கு அப்பால் உள்ள நிலம் ஓடையையும் சுமந்துகொண்டு போய்விட்டது. இந்த நகர்வு நடக்க ஏறக்குறைய 3,700 ஆண்டுகள் ஆயின என்று கரியின் வயதைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். அப்படியென்றால் ஆண்டுக்கு மூன்றரை சென்டிமீட்டர். நம் விரல் நகம் வளரும் வேகமும் ஏறத்தாழ இதுவே.

இவ்வளவு மெதுவாக நகரும் நிலம் எப்படி வீடுகளை இடிக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை நம் கையிலேயே இருக்கிறது. நாம் வெட்டும் பாலிலிருந்து செய்யும் ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து இரு கையாலும் மெல்ல இழுங்கள். கை நகர்கிறது, வளையம் நீள்கிறது, சத்தமில்லை. இழுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது அறுந்து விரலைச் சுளீரென்று அடிக்கும். அடித்த வேகம் அந்த நொடியில் பிறந்ததன்று. இழுத்த நேரமெல்லாம் சேர்ந்த விசை அது. பிளவின் இரு பக்கமும் உள்ள பாறை ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கிறது. தட்டுகள் நகர்வதோ நிற்பதில்லை. பாறை ரப்பர் போல வளைந்து விசையைச் சேர்த்து வைக்கிறது. பற்று விட்டுப்போகும் நொடியில் பல மீட்டர் ஒரே தாவலாகத் தாவுகிறது. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்த நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டு, ஹாரி பீல்டிங் ரீட் என்னும் அறிஞர் 1910இல் இக்கருத்தை விளக்கினார். நேராகப் போட்டிருந்த வேலிகள் அன்று பிளவு கடந்த இடத்தில் இரண்டு மூன்று மீட்டர் விலகி நின்றன.

இப்போது ஒரு சிறிய கணக்குப் போடுவோம். 1857க்குப் பிறகு 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆண்டுக்கு மூன்றரை சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஐந்து மீட்டருக்கு மேல் வருகிறது. அவ்வளவு விசை அங்கே சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் இனி எப்போது? இதுவே கடைசிக் கேள்வி. இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. காரிசோவுக்கு வடக்கே, அதே பிளவின்மேல், பார்க்பீல்ட் என்னும் சின்னஞ்சிறு ஊர் இருக்கிறது. அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் நடுத்தரமான நிலநடுக்கங்கள் வந்தன. சராசரி 22 ஆண்டுகள். ஆகவே அடுத்தது 1993க்குள் வந்துவிடும் என்று அறிஞர்கள் 1985இல் அறிவித்தார்கள். ஊரைச் சுற்றிலும் கருவிகளைப் பதித்துக் காத்திருந்தார்கள். 1993 வந்தது, போயிற்று. நிலநடுக்கம் வரவில்லை. பதினோர் ஆண்டு கழித்து, 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் வந்தது. அவ்வளவு கருவிகள் இருந்தும், இதோ வருகிறது என்று முன்கூட்டிச் சொல்லத்தக்க அடையாளம் ஒன்றும் கிடைக்கவில்லை.

இது அறிவியலின் தோல்வி அன்று, நேயர்களே. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று உண்மையாக ஒப்புக்கொள்வதும் அறிவியல்தான். எங்கே நடுங்கும் என்று சொல்லலாம், எவ்வளவு பெரிதாக நடுங்கக்கூடும் என்று சொல்லலாம். நாளும் நேரமும் குறித்துச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியாது. நாள் குறித்துச் சொல்லும் செய்தி எதுவும் உங்கள் காதுக்கு வந்தால், அதை நம்பி அஞ்ச வேண்டாம்.

நாள் தெரியாவிட்டால் இந்தப் பள்ளம் தோண்டிய உழைப்பெல்லாம் எதற்கு? ஆயத்தமாக இருப்பதற்கு. 2008ஆம் ஆண்டு நவம்பரில் தென் கலிபோர்னியாவில் பல இலட்சம் மக்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, ஒரே நேரத்தில் ஒரு பயிற்சி செய்தார்கள். தரையில் குனிந்து, மேசைக்கு அடியில் புகுந்து, மேசைக் காலை இறுகப் பிடித்துக்கொள்ளும் பயிற்சி. சான் ஆன்ட்ரியாஸ் பிளவின் தென்பகுதி அசைந்தால் என்ன ஆகும் என்று அறிஞர்கள் போட்ட கணக்கே அதற்கு அடிப்படை. பள்ளத்தில் படித்த பாடம் பள்ளிக்கூட மேசைக்கு வந்து சேர்ந்தது.

இது எங்கோ உள்ளவர்களின் கதை என்று வானொலியை மூடிவிட வேண்டாம். பார்க்பீல்டில் நிலம் நடுங்கி மூன்று மாதங்கூட ஆகவில்லை. அதே 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், நம் நேரப்படி காலை ஒன்பது மணியளவில், சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஒரு பெரும் பிளவு அசைந்தது. ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்துப் பினாங்கு, கெடா கரைகளுக்கு அலை வந்தது. மலேசியாவில் 68 பேர் இறந்தனர். நான்கு மணி நேரம் இருந்தது. ஆனால் அலை வரும் என்று கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, அமைப்பும் இல்லை. எச்சரிக்கை அமைப்பு அதன் பிறகுதான் வந்தது.

பாலெட் ஓடையில் பள்ளம் தோண்டிய அதே கெர்ரி சீ, பிற்காலத்தில் இந்தோனேசிய அறிஞர்களுடன் சேர்ந்து சுமத்ராவின் மேற்குத் தீவுகளில் பவளப் பாறைகளை ஆராய்ந்தார். நிலம் உயர்ந்ததும் தாழ்ந்ததும் பவளத்தின் வளையங்களில் பதிந்திருக்கின்றன. பின்பு சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புவி ஆய்வு நிலையம் அமைந்தபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. பாலைவனத்தில் கற்ற படிப்பு நம் கடலுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் கருவியும் படிப்பும் இல்லாமலே கணக்கைக் காத்து வைத்தவர்களும் உண்டு. சுமத்ராவுக்கு அருகே சிமலு என்னும் தீவு. அங்கே 1907இல் கடல் பொங்கிப் பலர் மாண்டனர். தப்பியவர்கள் அதைக் கதையாகவும் பாட்டாகவும் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நிலம் பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்க நில்லாமல் குன்றின்மேல் ஓடு என்பதே அதன் சாரம். 2004இல் அத்தீவு பிளவுக்கு மிக அருகில் இருந்தது. அங்கிருந்த ஏறக்குறைய 78,000 பேரில் இறந்தவர் ஏழு பேர்தான். பாட்டி சொன்ன பேச்சு பேரப்பிள்ளைகளைக் காத்தது.

ஆகவே இன்றைய பயணத்திலிருந்து நாம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியது மிகக் கொஞ்சம். வீட்டுக்குள் இருக்கும்போது நிலம் ஆடினால் உறுதியான மேசைக்கு அடியில் குனிந்து அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். கடற்கரையில் இருக்கும்போது நிலம் பலமாக அல்லது நெடுநேரம் ஆடினாலும், கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினாலும், வேடிக்கை பார்க்காமல் மேட்டுநிலத்துக்குப் போய்விட வேண்டும். முதல் அலை வடிந்ததும் இறங்கிவிடக் கூடாது, அடுத்தடுத்து அலைகள் வரலாம். விடுமுறையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போவதற்கு முன் இதை ஒருமுறை சொல்லிவையுங்கள்.

பூமி நமக்கு நாள் குறித்துச் சொல்வதில்லை. நடந்ததை மட்டும் தவறாமல் எழுதி வைக்கிறது. அதைப் படிப்பது அறிஞர் வேலை. படித்ததைப் பிள்ளைகளின் காதில் போட்டு வைப்பது நம் வேலை. இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் அதைத் தொடங்கலாம்.